அழைத்தவரின் கடன்

நோயாளி வைத்தியரைத் தேடிச் செல்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். வலி அவரை நடக்க வைக்கிறது. அச்சம் கதவைத் தட்ட வைக்கிறது. “என்னைக் காப்பாற்றுங்கள்” என்று அவர் கேட்கிறார்; தம்மால் இயன்றதைச் செய்ய வைத்தியர் உடன்படுகிறார். முயன்றும் பலன் கிட்டாதுபோனால் அதை நாம் துயரம் என்கிறோமே தவிர, வஞ்சனை என்று சொல்வதில்லை. ஆனால் நம் காலத்தில் இந்த வழக்கம் எதிர்த்திசையிலும் நடைபெறுகிறது. எவ்வித வலியுமின்றி வயலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் சென்று, “உங்கள் உடம்பில் நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இன்ன நாளில் கிளினிக்குக்கு வாருங்கள்” என்று அழைக்கிறார். அவள் எதையும் கேட்கவில்லை. கேட்காதவளை அரசாங்கம் அழைக்கிறது. இது வெறும் ஏற்பாட்டு முறையில் நேர்ந்த மாற்றந்தானா? அல்லது அழைத்தவர் மீது புதியதொரு கடமையை இது சுமத்துகிறதா? மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவதற்கான பரிசோதனையை உதாரணமாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம்.

ஊரும் நிலமும் இல்லாமல் அறத்தைப் பற்றிப் பேசுவது எளிது. அப்பேச்சால் யாருக்கும் பயனில்லை. எனவே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில் இருக்கிறது வில்கமுவ. மாவட்டத் தலைநகராகிய மாத்தளைக்கும் அதற்கும் இடையே நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. மலைக்கு அப்பால், மகாவலியை நோக்கித் தாழ்ந்து செல்லும் சமவெளியில் நெல் விளைகிறது. 1984இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்ட வஸ்கமுவ அருகில் இருப்பதால், யானைகள் பயிருக்கும் உயிருக்கும் ஓயாத அச்சமாக இருக்கின்றன. விளைச்சற் காலத்தில் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருப்பது அங்குள்ள விவசாயக் குடும்பங்களின் வாழ்க்கை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிங்கள மக்கள். தமிழ் ஏடொன்றில் அவர்களைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்போர் இருக்கலாம். மலையின் இப்புறத்தில், றத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணும் இதே மாவட்டத்தவள்தான். இதே சுகாதார சேவையைத்தான் நம்பியிருக்கிறாள். ஒருத்தியின் கேள்வி மற்றவளின் கேள்வியும் ஆகும்.

வில்கமுவப் பெண்ணை அழைக்க வருபவர் அந்நியர் அல்லர். அவர் அந்தப் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த முறையின்படி இன்று நாடு முழுவதும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மருத்துவமாதர் வீடு வீடாகச் செல்கின்றனர். 1930களில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைப் பத்தாண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. இந்தச் சாதனையில் மருத்துவமாதரின் கால்நடைக்குப் பெரும் பங்கு உண்டு. கர்ப்பிணியாய் இருந்தபோது வந்தவர், குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் சென்றவர், இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது ஆனதும் மீண்டும் வருகிறார். 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக் திட்டத்தில் அந்த வயதுப் பெண்களே முதன்மையாக அழைக்கப்படுகின்றனர். அங்கு இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நீரிழிவு உண்டா என்று பார்க்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை செய்கிறார்கள். மார்பகங்களைக் கையால் தொட்டுப் பரிசோதிக்கிறார்கள். மேலை நாடுகள் சிலவற்றில் உள்ளதுபோல, குறித்த வயதுப் பெண்கள் அனைவருக்கும் மமோகிராம் எனப்படும் மார்பகக் கதிர்ப்படம் எடுக்கும் ஏற்பாடு இலங்கையில் இல்லை. இங்கே முதற்கருவி பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கைதான்.

அந்தத் திரைக்குப் பின்னால் நிகழ்வதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வில்கமுவவில் அப்படியொரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பெயரிட வேண்டியதில்லை. தன் உடம்பை ஒருவர் பார்ப்பதற்காகத் திறந்து காட்டும் பழக்கம் பிரசவ நேரத்தைத் தவிர அவளுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. கூச்சத்தோடு படுக்கிறாள். கூரையைப் பார்க்கிறாள். விரல்கள் மெல்ல வட்டமிட்டு நகர்கின்றன. ஓரிடத்தில் நிற்கின்றன, திரும்பவும் அதே இடத்துக்கு வருகின்றன. அந்தத் தயக்கத்தை அவள் உணர்ந்துவிடுகிறாள். “சின்னக் கட்டி போல இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுவோம்” என்கிறார் மருத்துவமாது. கையில் ஒரு துண்டுக் கடிதம் வருகிறது.

காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட பெண்ணும் மாலையில் வீடு திரும்பும் பெண்ணும் உடம்பால் ஒருத்தியே. கட்டி காலையிலும் இருந்தது. ஆயினும் காலையில் அவள் சுகமானவள். மாலையில் அப்படி இல்லை. இந்த மாற்றத்தை உண்டாக்கியது நோய் அல்ல, அறிவு. அதை அவள் கையில் கொடுத்தவர்கள் நாம், அதாவது நம் சமுதாயமும் அதன் ஸ்தாபனங்களும்.

இங்கே இரண்டு அவசர விடைகள் நம் முன் வருகின்றன.

முதலாவது விடை பழைமையானது. அறியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகவாவது இருந்திருப்பாளே, எதற்காகத் தூங்குகிறவளை எழுப்ப வேண்டும் என்பது அது. நம் வீடுகளில் முதியவர்கள் இதைச் சொல்கிறார்கள். விதியின் பெயராலும் சொல்கிறார்கள். இவ்விடையை நாம் ஏற்க முடியாது. மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. நிம்மதி என்று நாம் கருதும் அந்த மாதங்களில் அது வளர்ந்து அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும் எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவக்கூடும். ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலோர் பிழைக்கும் நோய், பரவிய பிறகு கண்டால் அநேகமாக உயிரைக் கொண்டுபோகும் நோயாகிவிடுகிறது. தன் உயிரைப் பற்றிய செய்தியை ஒருத்தியிடமிருந்து அவளுடைய நிம்மதிக்காக மறைப்பது, அவளை எப்போதும் குழந்தையாகவே வைத்திருப்பதாகும்.

இரண்டாவது விடை நவீனமானது. அறிவு எப்போதும் நன்மையே தரும். எல்லோரையும் சோதியுங்கள், அடிக்கடி சோதியுங்கள், பெரிய இயந்திரங்களைக் கொண்டுவாருங்கள் என்பது அது. முற்போக்கு எண்ணம் கொண்ட நமக்கு இவ்விடை இயல்பாகவே பிடித்துப்போகும். விஞ்ஞானத்தை நம்புகிறவர்கள் நாம். ஆனால் விஞ்ஞானத்தை நம்புவதென்றால் அது தன்னைப் பற்றியே கண்டறிந்து சொல்லும் உண்மைகளையும் கேட்கவேண்டும். இத்துறையில் அவ்வுண்மைகள் இனிப்பும் கசப்பும் கலந்தவை.

1963இல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களைக் கொண்டு முதலாவது பெரிய ஆய்வு தொடங்கியது. பாதிப் பெண்கள் மார்பகக் கதிர்ப்படத்துக்கும் கைப்பரிசோதனைக்கும் அழைக்கப்பட்டனர். அழைக்கப்பட்டோரிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் குறைந்தது. உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2012இல் பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையில் கூடிய சுயேச்சையான குழு எல்லா ஆய்வுகளையும் ஒருங்கே எடைபோட்டபோது கணக்கு சிக்கலாயிற்று. ஐம்பது வயதுப் பெண்கள் 10,000 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதனைக்கு அழைத்தால் 43 மரணங்கள் தடுக்கப்படும். ஆனால் வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திராத கட்டிகளுக்காக 129 பெண்கள் புற்றுநோயாளிகளாக்கப்பட்டுச் சிகிச்சை பெறுவர் என்று அக்குழு மதிப்பிட்டது. காப்பாற்றப்படும் ஒருத்திக்காக மூவர் வீணே கத்திக்கும் மருந்துக்கும் உள்ளாகின்றனர். அந்த மூவர் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. அவர்களும் தாம் காப்பாற்றப்பட்டதாகவே நம்பி வாழ்வார்கள். பரிசோதனை கூடாதென்று அக்குழு முடிவு செய்யவில்லை. நன்மையே பெரிது என்று கூறிய அது, இந்த விலையை ஒளிக்காமல் பெண்களிடம் சொல்லிவிட்டு அழைக்கவேண்டும் என்றது.

நம் நிலைமைக்கு அண்மையான ஆய்வுகள் இரண்டு உண்டு. முதலாவது ஷாங்காய் நகரின் 519 ஆலைகளில் பணிபுரிந்த 266,064 பெண் தொழிலாளரைப் பற்றியது. தம் மார்பகங்களைத் தாமே முறைப்படி சோதிப்பது எப்படி என்று அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கவனமாகக் கற்பித்தனர். மறு பகுதியினருக்குக் கற்பிக்கவில்லை. 2002இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. கற்பிக்கப்பட்டோர் புற்று அல்லாத கட்டிகளை அதிகம் கண்டுபிடித்தனர். மரணமோ இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. இரண்டாவது மும்பையில் நடந்தது. டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய அந்த ஆய்வில் எளிய குடியிருப்புகளில் வாழும் 151,538 பெண்கள் இடம்பெற்றனர். பத்தாம் வகுப்புவரை படித்த உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று, இரண்டாண்டுக்கொரு முறை கையால் பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவுப்படி, அழைக்கப்பட்ட பெண்களிடையே நோய் முற்றுமுன்னரே கண்டறியப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே மரணம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடையே மரணத்தில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

இம்முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசிரியர், மாணவர் எவரும் ஒன்றைக் கவனிப்பர். கட்டியைக் கண்டுபிடிப்பதால் மட்டும் எவரும் பிழைப்பதில்லை. கண்டுபிடித்த கைக்கும் காப்பாற்றும் சிகிச்சைக்கும் இடையே ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதை இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. 1968இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக வில்சன், யுங்னர் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் எழுதிய சிறுநூல் இதைத் தெளிவாக்கியது. நோய் தேடும் பரிசோதனைக்கு அவர்கள் பத்து நிபந்தனைகள் விதித்தனர். அவற்றுள் ஒன்று, நோயை உறுதிசெய்யவும் சிகிச்சை அளிக்கவும் வசதிகள் இருக்கவேண்டும் என்பது. இதை ஒரு நிர்வாக விதி என்றே பலரும் வாசிக்கின்றனர். நாம் இதை ஓர் அறவிதி என்று வாசிக்கிறோம். வலியோடு வந்தவருக்கு இயன்றதைச் செய்தால் போதும். வலியில்லாதவரை அழைத்து நோயைக் கையில் கொடுப்பவர், இயன்றதை மட்டும் செய்கிறேன் என்று விலகிக்கொள்ள முடியாது. அழைப்பு ஒரு வாக்குறுதி. அழைத்தவர் கடன்பட்டவர்.

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் கடமை என்றும் பொருள். திருப்பிக் கொடுக்கவேண்டியது என்றும் பொருள். இங்கு இரண்டுமே பொருந்தும். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்காக வகுத்தார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து செய்பவர். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அது மருத்துவம் ஆகாது. நம்முடைய பரிசோதனைத் திட்டங்களை இந்த நான்கால் அளந்து பார்ப்போம்.

வில்கமுவப் பெண் துண்டுக் கடிதத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். இது உழைக்கும் மக்கள் பெற்ற பெரும் உரிமை; அதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் பஸ் இலவசமல்ல. ஒருநாட் கூலி இலவசமல்ல. துணைக்கு வருபவரின் சாப்பாடும் இலவசமல்ல. கட்டியை ஸ்கான் செய்ய ஒருநாள், ஊசியால் திசு எடுக்க ஒருநாள், முடிவைக் கேட்க இன்னொருநாள். நாற்று நடும் காலமானால் வயல் காத்திருக்காது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இரவில் யானை வரலாம். இவ்விதம் கண்டெடுக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல என்பது மெய்தான். எனினும் அந்த மெய் அவளுக்குத் தெரியவருமுன் எத்தனை இரவுகள் கழியவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அவளுடைய உடம்பு அல்ல. ஆஸ்பத்திரியின் காத்திருப்போர் பட்டியலும் பஸ்ஸின் நேர அட்டவணையுமே.

முடிவு புற்றுநோய் என்றே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிகிச்சையின் வடிவத்தையே தூரம் மாற்றிவிடுகிறது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை வைத்தியர் 1880களிலிருந்து வளர்த்தெடுத்த முறையில் மார்பகம் முழுவதும், அடியிலுள்ள தசையும், அக்குளின் கணுக்களும் வெட்டியெடுக்கப்பட்டன. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதுவே மாறா விதியாயிற்று. இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1980களில் வெளியிட்ட ஆய்வுகள் அதைத் தகர்த்தன. சிறிய கட்டியானால் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று அவை நிறுவின. மார்பகத்தைக் காக்கும் உரிமை பெண்ணுக்குக் கிடைத்தது. ஆனால் அந்தக் கதிர்ச்சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் செல்லவேண்டும். கதிர்ச்சிகிச்சை இயந்திரம் கண்டியிலோ மஹரகமவிலோ இருக்க, வீடு வில்கமுவவில் இருந்தால் என்ன செய்வது? தங்க இடமில்லாதவள், வீட்டில் வேறு கையில்லாதவள், “எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் டாக்டர்” என்று தானே சொல்லிவிடக்கூடும். அதை அவளுடைய சுதந்திரமான தெரிவு என்று பதிவேடு குறித்துக்கொள்ளும். அது பஸ் கட்டணத்தின் தெரிவு என்பதை யார் குறிப்பது?

அறுவைக்குப் பின்னும் கதை முடிவதில்லை. அக்குளின் கணுக்களை அகற்றியபின் சிலருக்குக் கை வீங்கிக் கனக்கிறது. நகரத்து அலுவலகப் பெண்ணுக்கே அது தொல்லை. கதிர் அறுக்கும் கைக்கும் கொழுந்து பறிக்கும் கைக்கும் அது பிழைப்பின் கேள்வி. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட் தம் மார்பகத்தை இழந்த அனுபவத்தை 1980இல் நூலாக எழுதினார். செயற்கை மார்பகம் அணியாமல் வைத்தியரிடம் சென்றபோது, மற்ற நோயாளிகளின் மனவுறுதி குலையும் என்று தாதி கடிந்துகொண்டதை அதில் பதிவு செய்தார். பெண்ணின் வடு மற்றவர் கண்ணை உறுத்தக்கூடாது என்பதில் சமுதாயம் காட்டும் அக்கறை, அவள் கையின் வலியில் காட்டுவதில்லை. இவ்விஷயத்தில் நியூயார்க்கும் வில்கமுவவும் வெகுதூரத்தில் இல்லை.

அடுத்து, உண்மையைச் சொல்வது பற்றி. பூச்சிகொல்லிகளின் கேட்டை 1962இல் உலகுக்கு அம்பலப்படுத்திய ரேச்சல் கார்சனுக்கு 1960இல் மார்பகம் அகற்றப்பட்டது. புற்றுநோயா என்று அவர் நேராகவே கேட்டார். அறுவை வைத்தியர் உண்மையைச் சொல்லவில்லை. பிறகு வேறொரு வைத்தியரை நாடித்தான் அவர் அதை அறிந்தார். 1964இல் மறைந்தார். ஒரு விஞ்ஞானிக்கே இந்நிலை. 1961இல் அமெரிக்க வைத்தியரிடையே நடத்தப்பட்ட கணிப்பில் பத்தில் ஒன்பதுபேர் புற்றுநோயாளியிடம் நோயைச் சொல்லாதிருப்பதே தம் வழக்கம் என்றனர். 1979இல் அதே கேள்வியைக் கேட்டபோது ஏறக்குறைய அனைவருமே சொல்வதுதான் வழக்கம் என்றனர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் அறமே தலைகீழாயிற்று. பெண்களும் நோயாளிகளும் எழுப்பிய குரல் இதற்கு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: செய்யத்தக்க சிகிச்சைகள் பெருகியதும் சொல்வதும் எளிதாயிற்று. கொடுக்க ஏதுமில்லாதவரே உண்மையையும் ஒளிக்கிறார்.

நம் குடும்பங்களில் இன்றும் கடிதம் முதலில் கணவன் கைக்கோ மகன் கைக்கோ போகிறது. “அம்மாவுக்குச் சொல்லாதீர்கள்” என்று வைத்தியரிடம் கெஞ்சுகிறோம். அதில் அன்பு இருக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் சொல்லாமலே அவளைக் கிளினிக்குக்கு அழைத்துக் கட்டியைக் காட்டிவிட்டு, பிறகு அதன் பெயரை மட்டும் ஒளிப்பது என்ன நியாயம்? இலங்கையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆயிற்று. 1987இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சட்டம் மாறினாலும் திரைக்குப் பின்னால் பேசப்படும் மொழி ஓர் ஏட்டுத் திருத்தத்தால் மாறிவிடுவதில்லை. தன் மார்பில் என்ன இருக்கிறது என்பதை அரைகுறையாய் விளங்கிய மொழியில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வரும் தோட்டப் பெண்ணை அழைத்தவர், அழைப்பை அவள் மொழியில் விடுத்திருந்தால் விடையையும் அவள் மொழியில் தரக் கடன்பட்டவர். ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைப் பார்த்து நிற்கும் வில்கமுவச் சிங்களப் பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு.

இனி, நம்மிடையே நிலவும் பெரிய அநீதியொன்றைச் சொல்ல வேண்டும். நோய் முற்றிவந்த பெண்ணிடம் நாம் கேட்கும் முதற்கேள்வி, “ஏன் இவ்வளவு நாள் வராமல் இருந்தாய்?” என்பது. வைத்தியர் கேட்கிறார், தாதி கேட்கிறார், உறவினர் கேட்கின்றனர். இறுதியில் அவளே தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். அறியாமை, கூச்சம், மூடநம்பிக்கை என்று காரணங்களை அடுக்குகிறோம். உலக சுகாதார ஸ்தாபனம் தரும் கணக்கைக் கேளுங்கள். மனித மேம்பாட்டில் மிக உயர்ந்த நாடுகளில் பன்னிரண்டு பெண்களில் ஒருத்திக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. எழுபத்தொருவரில் ஒருத்தி அதனால் இறக்கிறாள். மிகத் தாழ்ந்த நாடுகளில் இருபத்தேழு பெண்களில் ஒருத்திக்கே அது கண்டறியப்படுகிறது. ஆயினும் நாற்பத்தெட்டுப் பேரில் ஒருத்தி இறக்கிறாள். நோய் குறைவு, சாவு மிகுதி. செல்வ நாட்டுப் பெண்கள் கூச்சமற்றவர்கள் என்பதாலா இந்த வேற்றுமை? பிந்தி வந்தது அவள் அல்ல. பாதை பிந்தி வந்தது. பல ஊர்களுக்கு இன்னும் வரவேயில்லை.

இதற்கு மாற்றாக நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் விதியின்மேல் போட்டுவிட்டு அமரவில்லை. முப்பதாண்டுகள் அதைச் சுமந்து, 1954இல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். மறு ஆண்டு அங்கு பணியேற்ற டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த நிலையத்துக்கே தம் வாழ்வைக் கொடுத்தார். ஒரு தங்கையைக் காப்பாற்ற முடியாத சமுதாயம் மற்றத் தங்கையருக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அவர்கள் உணர்ந்தனர். தனிமனிதரின் துயரத்தை ஸ்தாபனமாக மாற்றுவதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி.

ஸ்தாபனங்களும் நிலையானவை அல்ல. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டன. புற்றுநோய் மருந்துகளும் அவற்றுள் அடங்கும். எரிபொருள் இன்றிப் போக்குவரத்து முடங்கியது. சிகிச்சையின் நடுவில் இருந்த பெண்ணுக்கு அது வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல. தேசம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததை உலகமெல்லாம் பேசியது. அதே ஆண்டில், தான் அழைத்து வந்த பெண்களுக்குப் பட்ட கடனையும் தேசம் கட்டத் தவறியதைப் பற்றி எந்தச் சந்தையும் கவலைப்படவில்லை. அந்தக் கடன்காரிகளுக்கு வட்டி கேட்கும் வழக்கமும் இல்லை, வழக்குப் போடும் வசதியும் இல்லை.

அப்படியானால் அழைப்பதையே நிறுத்திவிடலாமா? கூடாது. கடன் அஞ்சி வாக்குறுதியைக் கைவிடுவது முதலாவது பழைய விடைக்கே நம்மைத் திரும்பக் கொண்டுசேர்க்கும். அழைப்பதை நிறுத்தும் சமுதாயம் கடனிலிருந்து விடுபடவில்லை. கடனைக் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறது, அவ்வளவே. வலி வந்தபின் அவளே வரட்டும் என்று சொல்வது, வசதியுள்ளவள் மட்டும் தனியார் மருத்துவமனையில் காலத்தோடு கண்டுகொள்ளட்டும் என்று சொல்வதாகவே முடியும். அழைப்போம், ஆனால் அழைப்பின் விலையை ஒளிக்காமல் சொல்லி அழைப்போம். எந்தப் பரிசோதனையால் எந்த வயதினருக்குப் பயன், எங்கே ஐயம் என்பதைச் சாதாரணப் பெண்ணுக்கு விளங்கும் மொழியில் சொல்லலாம், அவள் விளங்கிக்கொள்வாள். விதைநெல்லையும் மழையையும் நிச்சயமற்ற விளைச்சலையும் ஆண்டுதோறும் எடைபோடுகிறவள், இந்தக் கணக்கையும் எடைபோடக் கூடியவளே.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய வாசகர்கள் செய்யக்கூடியது என்ன? உலக சுகாதார ஸ்தாபனம் மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று அளவுகோல்களை வகுத்திருக்கிறது. நோயாளரில் அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்பட வேண்டும். வைத்தியரிடம் முதலில் வந்த நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும். எண்பது சதவீதத்தினராவது சிகிச்சையை முடிக்க வேண்டும். இம்மூன்றையும் நம் பிரிவின் சுகாதார அதிகாரியிடம், பிரதேச சபை உறுப்பினரிடம், பாராளுமன்ற உறுப்பினரிடம் கேட்போம். எங்கள் ஊரில் கிளினிக்குக்கு வந்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். அவர்களில் கடிதத்தோடு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், விடை பெற்றவர்கள் எத்தனை பேர், எத்தனை நாட்களில், பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்றும் கேட்போம். தொலைவிலிருந்து வருவோர் தங்க இடமும் பிரயாணச் செலவும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்று வாதாடுவோம். அயலில் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும், அவள் வயலில் ஒருநாள் இறங்குவதும் வள்ளுவர் சொன்ன நான்காவது பகுதியே. ஆனால் அயலாரின் அன்பு அரசாங்கத்தின் கடனைத் தள்ளுபடி செய்துவிடாது என்பதையும் மறவாதிருப்போம்.

மாலை பஸ்ஸில் அந்தப் பெண் வில்கமுவவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள். துண்டுக் கடிதம் கைப்பையில் மடிந்து கிடக்கிறது. அதில் அவளுடைய பெயரும், வயதும், கட்டி எந்தப் பக்கம் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. அது அவளுடைய நோயைப் பற்றிய குறிப்பு என்றே அவள் எண்ணுகிறாள். உண்மையில் அது நம் எல்லோரின் சார்பிலும் எழுதிக் கொடுக்கப்பட்ட கடன் பத்திரம். அதைக் கொண்டுபோய் நீட்டும் இடத்திலெல்லாம் அவள் பிச்சை கேட்பவளாக நிற்கக் கூடாது.